நாக்கில்லாத மணி

ஞாயிறு, காலை எட்டரை மணி.

கள்ளக்குறிச்சியின் கடைக்கோடியில் இருக்கும் அந்தச் சின்னக் கிறிஸ்தவ ஆலயத்தின் மணிக்கூண்டுக்குக் கீழே நின்று ஆலயப் பணியாள் ராசு கயிற்றை இழுத்தார். சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தார். மேலே மணி ஆடுவது தெரிந்தது. ஊமையாக ஆடியது.

ஏறிப் பார்த்தவர் அங்கிருந்தே கத்தினார்.

"ஐயரே! மணியோட நாக்க எவனோ கழட்டிக்கினு போய்ட்டான்!"

ஆராதனைக்கு வந்த ஷாலினி அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். ஊர் காவல் நிலையத்தில் அவள் ஏட்டு. அன்று விடுமுறை. ஆனால் ஆலயக் கமிட்டிச் செயலாளர் இளஞ்செழியன் ஓடிவந்து வழிமறித்தார்.

"ஷாலினி, கேஸு கீஸுன்னு போய்டாதம்மா. கர்த்தரோட வூட்டு விஷயம். நீயே பார்த்து முடிச்சிடு. இல்லன்னா சாயந்திரம் கமிட்டியில ராசுவ வேலையிலேர்ந்து நிறுத்திடுவோம். போன வாரந்தான் 'இந்த வேலையே வாணாம்'னு சண்ட போட்டான்."

ராசுவுக்கு அந்த வேலையோடு சேர்ந்ததுதான் வளாகத்து மூலையில் இருந்த ஒற்றை அறை. வேலை போனால் அதுவும் போகும். அவர் மணிக்கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சபைப் போதகர் அறிவுச்செல்வன் ஐயர் மைக்கில் கூப்பிட்டு ஆராதனையைத் தொடங்கினார். ஜெபக் குறிப்புகள் கேட்கும் நேரம் வந்தது. முதலில் எழுந்தது, எப்போதும் போல, பெண்கள் சங்கத்து ஜெயசுதா. போன வாரம் வலது முழங்கால். இந்த வாரம் இடது. உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள்.

"எங்க தெருவுல ஒரு பொண்ணு யாரு கூடவோ வண்டியில போய்க்கினு இருக்குது. பேரு சொல்ல மாட்டேன். நீலக் கேட்டு வூடு. பாரத்தோட ஜெபிச்சுக்குங்க."

சபை பாரத்தோடு தலையாட்டியது. கூட்டம் முடிவதற்குள் நீலக் கேட்டு வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்று ஷாலினி நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வரிசையில் செல்லமுத்து எழுந்தார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆலயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு.

"எம்பொண்டாட்டி சாலம்மாளுக்கு செவ்வாக்கெழம பாண்டிச்சேரியில நெஞ்சு ஆபரேஷன். ஜெபிச்சுக்குங்க." உட்கார்ந்துவிட்டார்.

காலை பத்தரை. ஆராதனை முடிந்து எல்லோரும் டீ தம்ளரோடு துப்பறிந்துகொண்டிருந்தார்கள். கமிட்டித் தேர்தல் நெருங்கியதால் இளஞ்செழியன் அணி எதிரணியைச் சொன்னது. எதிரணி இளஞ்செழியனைச் சொன்னது. ஷாலினி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு மணிக்கூண்டில் ஏறினாள்.

நாக்கு தொங்கிய இடத்தில் வளையம் மட்டும் இருந்தது. பக்கத்துத் திட்டில் ஒரு போல்ட்டு. அதன் மேலேயே நட்டும் வாஷரும் திருகி வைக்கப்பட்டிருந்தன. ஒட்டியிருந்த பழைய கிரீஸைக்கூடத் துணியால் துடைத்திருந்தார்கள்.

கீழே இறங்கி ராசுவைக் கேட்டாள்.

"நாக்கு பித்தளையாண்ணே?"

"இரும்பும்மா. காயலாங்கடையில போட்டா ரெண்டு டீ குடிக்கலாம்."

"பித்தளை மெழுகுவர்த்தி ஸ்டாண்டு?"

"அப்படியே கீது. ஆம்ப்ளிஃபயரும் கீது."

"கூண்டு சாவி?"

"ஐயரு அங்கி மாத்துற ரூம்புல, ஆணியில. ஊருக்கே தெரியும்."

"கடைசியா எப்போ அடிச்சீங்க?"

"வெள்ளிக்கெழம, உபவாச ஜெபத்துக்கு."

"இன்னிக்கு மணி அடிக்கல. ஆராதனை நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? ஐயரு மைக்ல கூப்ட்டாரு. எப்பவும் போல லேட்டா வந்தாங்க."

"அப்போ இந்த மணி இல்லாம நடக்கவே நடக்காதுன்னு இன்னாண்ணே இருக்குது?"

ராசு யோசித்தார்.

"சாவுதான். சேதி வந்த கையோட அடிக்கணும். அத மைக்குல சொன்னா நல்லாவாம்மா இருக்கும்?"

அது அந்தச் சபையின் வழக்கம். துக்க மணி விட்டு விட்டு அடிக்கும். அடித்ததும் ஊரெல்லாம் போன் அலறும். 'யாரு, யாரு?' என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். முதல் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் வரும். வருஷக்கணக்காகக் கட்டிலோடு கிடக்கும் சாலம்மாள், "யாருப்பா ராசு?" என்பாள். அவர் பெயரைச் சொன்னதும் அந்த ஆத்துமாவுக்காக அழுவாள். பழக்கமில்லாதவர்களுக்காகவும் அழுவாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயசுதா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஷாலினி, ஒண்ணு கவனிச்சியா? செல்லமுத்து அண்ணன் மவன் சந்தோஷுக்குப் பொண்ணு அமைஞ்சிடுச்சுடி! மூணு வருஷமா ஒரு வாரம் வுடாம எழுந்து கேப்பாரு, 'எம்புள்ளைக்கு நல்ல எடத்துல பொண்ணு அமைய ஜெபிச்சுக்குங்க'ன்னு. நமக்கே மனப்பாடம். இன்னிக்கு வாயத் தொறக்கல பாரு. நம்மகிட்டயே மறைக்கிறாரு!"

ஷாலினி சிரிக்கவில்லை.

சந்தோஷ் கல்வராயன் மலையில் பிக்கப் வண்டி ஓட்டுபவன். வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சாமான் ஏற்றிப் போய், கடுக்காயும் புளியும் ஏற்றி இறங்குவான். சிக்னல் கிடைக்கும் வளைவில் நிறுத்தி அம்மாவுக்குப் போன் போடுவான். ஞாயிறு பள்ளி கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன் யோசேப்பு, ஷாலினி மரியாள். அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்த பிறகுதான் செல்லமுத்து அந்த விண்ணப்பத்தைக் கேட்கத் தொடங்கினார்.

அவள் பெண்கள் சங்கக் கூடத்துக்குள் போனாள். பழுதான ஃபேனைச் செல்லமுத்து போன மாதம் கழற்றி வைத்திருந்தார். ஜன்னலோரம் அதன் போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு போல்ட்டிலும் அதனதன் நட்டு திருகப்பட்டிருந்தது.

மலைக்கு இந்தப் பக்கம் ஏதாவது நடந்திருந்தால் அவள் காதுக்கு வந்திருக்கும். ஷாலினி வெளியே வந்து மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டத்துக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். பேச்சு நீளவில்லை. போனை வைத்துவிட்டு ஐயரையும் ராசுவையும் இளஞ்செழியனையும் தேடிப் போனாள்.

பகல் பன்னிரண்டு. காலியான ஆலயத்தில் செல்லமுத்து இன்னும் மூன்றாம் வரிசையிலேயே இருந்தார். ஐயரும் ராசுவும் இளஞ்செழியனும் ஷாலினியின் பின்னால் வந்து நின்றார்கள். அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, ராசு அண்ணன் வேலை போய்டும் போலிருக்குது."

அவர் தலை நிமிரவில்லை.

"திருடன்னா பித்தளைய வுட்டுட்டு இரும்ப எடுக்க மாட்டான். தேர்தல் சண்டைன்னா கயித்த அறுத்திருப்பாங்க. கழட்டுன போல்ட்டுல நட்ட மாட்டி, தொடச்சி வெச்சிருக்காங்கன்னா, திரும்ப மாட்டணும்னு நெனச்சவங்கதான் கழட்டியிருக்கணும். நீங்கதான் மாமா."

"இன்னாம்மா சொல்ற? கோயில் மேல உசுரையே வெச்சிருக்கிற மனுசன்!" என்றார் இளஞ்செழியன்.

"அதனாலதாண்ணே மாட்டிக்கினாரு. பொண்டாட்டிக்காக ஒரு பொருளை எடுத்து மறைக்க முடிஞ்சிது. ஆனா சபைக்கு நடுவுல எழுந்து, இல்லாத புள்ளைக்குப் பொண்ணு கேட்டு ஜெபிக்கச் சொல்ல முடியல. எல்லாரும் அவரு சொன்னதத்தான் கேட்டோம். சொல்லாம வுட்டத யாரும் கேக்கல."

"இல்லாத புள்ளையா?" என்றார் ஐயர்.

"வெள்ளிக்கெழம சந்தோஷ் வண்டி மலைக்கு அந்தப் பக்கம் எறங்கறப்போ கவுந்திருக்குது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய்ட்டாங்க. அதான் இங்க யாருக்கும் தெரியல. நேத்து காலையில மாமா போய் அடையாளம் காட்டிட்டு, செவ்வாக்கெழம வரைக்கும் உடம்பு அங்கயே இருக்கட்டும்னு கையெடுத்துக் கும்பிட்டாராம்."

செல்லமுத்து அப்போதுதான் நிமிர்ந்தார்.

"டாக்டரு சொன்னாரும்மா. எந்த அதிர்ச்சியும் ஆகாது, ஆபரேஷன் முடியற வரைக்கும் பார்த்துக்கோன்னு. எப்படியும் அந்தப் பக்கத்து சபையிலேர்ந்து இங்க சேதி வந்துடும். வந்ததும் ராசு அடிப்பான். அவ 'யாரு'ன்னு கேப்பா. நான் இன்னா சொல்லுவேன்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே செல்லமுத்து," என்றார் ஐயர்.

"உங்ககிட்ட சொன்னா ஜெபக் குறிப்பா வாட்ஸ்அப்புல போட்டுடுவீங்க ஐயரே. நல்ல மனசோடதான் போடுவீங்க."

ஐயர் தன் அங்கியின் நுனியைப் பார்த்தார்.

"நாக்கு எங்க மாமா?"

"கோயில் பொருள வெளிய கொண்டு போவல." அவர் முன்னால் கை காட்டினார். ஞானஸ்நானத் தொட்டி. "இப்பல்லாம் புள்ளைங்க பொறக்கறது கம்மி. அத யாரும் தொறக்க மாட்டாங்கன்னு."

ராசு மூடியைத் தூக்கினார். சந்தோஷை ஞானஸ்நானத்துக்காக ஏந்திப் பிடித்த அதே தொட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றி இரும்பு நாக்கு கிடந்தது. ராசு அதை வெளியே எடுத்து, பச்சைக் குழந்தையைப் போல மார்போடு பிடித்துக்கொண்டார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இளஞ்செழியனும் பேசவில்லை.

"செவ்வாக்கெழம வரைக்கும் யாரும் வாய் தொறக்கக் கூடாது," என்றாள் ஷாலினி. "ஐயரே, நீங்களுந்தான்." பிறகு செல்லமுத்துவின் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

சாலம்மாள் சுவரோரக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.

"ஷாலினியா? வா. மணி ஏன் அடிக்கல?"

"ரிப்பேரு அத்தை."

"நேத்து சாயந்திரம் மேல ஸ்பேனர் சத்தம் கேட்டுது. உங்க மாமா கை சத்தம் எனக்குத் தெரியாதா? வந்தவரு எம்மூஞ்சியப் பாக்கல." அவள் மூச்சு வாங்கினாள். "மணி அடிச்சிருந்தா யாருக்கோன்னு நெனச்சிருப்பேன். அடிக்காததாலதான் தெரிஞ்சிது. எங்கிட்டேர்ந்து மறைக்கணும்னா வேற யாரு இருக்காங்க எனக்கு?"

செல்லமுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

சாலம்மாள் கை நீட்டி ஷாலினியின் முந்தானையைப் பற்றினாள்.

"ஊர்ல இருக்கிற அத்தினி பேருக்கும் அடிச்ச மணி. எம்புள்ளைக்கு மட்டும் ஊமையா இருக்கக் கூடாதும்மா. ராசுகிட்ட சொல்லு. செவ்வாக்கெழம நான் போறேன், கத்தி வெக்கட்டும். இன்னிக்கு அடிக்கட்டும்."

பிற்பகல் ஒன்றரை. ராசு நாக்கை வளையத்தில் மாட்டினார். செல்லமுத்துவே கூண்டில் ஏறி நட்டை முறுக்கிக் கொடுத்தார்.

மணி விட்டு விட்டு அடித்தது. தெருவெங்கும் போன்கள் அலறின. ஜெயசுதா சாப்பாட்டுக் கையோடு வெளியே ஓடிவந்து, "யாரு? யாரு?" என்று கேட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மட்டும் யாரும் கேட்கவில்லை.