கழுவாத போத்தல்

மூன்று தடவை துடைத்தும் போத்தலின் வாய் ஈரமாகவே இருந்தது.

ஜுனைட் அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நாவிதன்வெளி வயலை உழும்போது அகப்பட்டதென்று விவசாயி குணம் கொண்டுவந்து கொடுத்த பழைய இராணுவத் தண்ணீர்ப் போத்தல் அது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை, கவிழ்த்தால் காய்ந்த மண்தான் உதிர்ந்தது. ஆனாலும் விளிம்பில் கொழகொழவென்று ஓர் ஈரம், விரலால் தொட்டு இழுத்தால் நூலாய் நீண்டது. முகர்ந்தான். மாதக் கணக்கில் பல் தீட்டாத ஒருவன் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டதுபோல் இருந்தது.

எந்தச் சண்டை எந்தத் தேதியில், எந்தத் துவக்கு எவ்வளவு நீளம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அறை முழுக்கத் தலைக்கவசங்கள், வெற்றுத் தோட்டாக்கள், இடுப்புவார்கள். எதையும் கழுவமாட்டான், கழுவினால் சாமானின் சரித்திரம் போய்விடுமாம். செத்தவனின் எச்சிலும் அந்தச் சரித்திரத்தில் சேர்த்திதான் என்று மனுசன் ஒருநாளும் நினைத்ததில்லை.

மனைவி றஸ்னா உள்ளே வராமல் வாசலில் நின்றாள். எட்டு மாத மகள் இடுப்பில் இருந்தாள்.

"இது வந்த நாளிலிருந்து புள்ள பால் குடிக்கிறாளில்ல. வயிறு நெறஞ்ச மாதிரிக் கெடக்கிறாள். பல்லு மொளைக்கிற நேரம், கண்டதெல்லாம் வாயில வெய்ப்பாள். எடுத்த வயலிலயே குழி தோண்டித் தாட்டுட்டு வாங்க."

"ஓம், வெள்ளிக்கிழம கொண்டு போறன். அலுமாரியில பூட்டித்தானே வெக்கிறன்."

மறுநாள் மத்தியானம். றஸ்னா லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். காற்று அசையாத புழுக்கத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மடக். மடக். பெரிய தொண்டை ஒன்று விழுங்கும் சத்தம்.

ஜுனைட் கதவைத் திறந்தான்.

அலுமாரிப் பூட்டு அப்படியே தொங்கியது. மகள் தரையில் இருந்தாள். இரு கையாலும் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வெறும் போத்தல். அவள் குரல்வளை ஏறி இறங்கியது.

பிடுங்கி எறிந்தான். அவள் அழவில்லை. வாயோரம் பழுப்பு நுரை வழிந்தது. அதே நாற்றம். சொந்தப் பிள்ளையைத் தொட அருவருத்தான். பொறுத்துக்கொண்டு, விரலை உள்ளே விட்டு வழித்தான்.

சின்ன நாக்கு. ஈறு.

பிறகு பல்.

பால் பல் அல்ல. அகலமானவை. தேய்ந்தவை. புகையிலைக் கறை ஏறியவை. மேலும் கீழும், வாய் நிறைய.

விரலை இழுத்தான்.

வரவில்லை.

வாப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே மகள் சவைக்கத் தொடங்கினாள்.