ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டது

பந்து கீழே இறங்கவில்லை.

க்ளெமென்ட் குழாயை வாயிலிருந்து எடுத்து முழுதாகப் பத்து விநாடி ஆகிறது. ஆனாலும் பிளாஸ்டிக் டப்பாவின் முதல் அறையில் அந்த நீலப் பந்து உச்சியிலேயே நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மூச்சுப் பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பா. மூன்று அறை, மூன்று பந்து. வாயால் இழுத்தால் ஏறும், விட்டால் விழும். பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறவனுக்குக் கிலுகிலுப்பை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது போலத்தான்.

திங்கட்கிழமை செக்கப். இரண்டு பந்தாவது ஏறாவிட்டால் திரும்பவும் அட்மிஷன், முதுகில் ஊசி குத்தி நீரெடுப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிமோனியாவோடு பதினோரு நாள் கிடந்த அந்த வார்டுக்கு இனி போவதில்லை என்று க்ளெமென்ட்டும் முடிவு செய்திருந்தான். காலையில் இரண்டு பந்து ஏறியது. மத்தியானம் ஒன்று. இப்போது அந்த ஒன்றும் பாதிவரைதான். அவன் விட்ட பிறகுதான் உச்சிக்குப் போனது.

டக். விழுந்தது.

“ஃபிசிக்ஸ் எடுக்காதது நல்லதாப் போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வெளியே பெங்களூர் லிங்கராஜபுரத்து ஜூலை மழை. சாயங்காலம் நாலரைக்கே தெரு ஆறு மணி போல இருண்டிருந்தது. கரண்ட் போனதில் ஃபேன் நின்று, ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கி, அதுவரை அந்தச் சத்தங்களுக்கு அடியில் ஒளிந்திருந்தது வெளியே வந்தது: தகர ஷீட்டில் விழும் சொட்டு, எங்கோ தொலைவில் ரயில், தன் நெஞ்சுக்குள் சளி நகரும் கொரகொரப்பு, பிறகு, அவன் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலிப் பக்கமிருந்து அதை உள்ளே இழுப்பது போல நீளமான, ஈரமான, நடுவில் விசிலடிக்கும் இன்னொரு மூச்சு.

அவன் விட்டான். அது இழுத்தது.

அந்த விசில் அவனுக்குத் தெரியும். பதினோரு ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான்.

பக்கத்து பெட் உத்தமன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டேனரி ரோட்டில் தனிக்கட்டை. பார்க்க ஒருவரும் வராததால் க்ளெமென்ட்டின் அக்கா ஜோசஃபின்தான் அவருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டு வந்தாள். டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் சொல்வதைத்தான் க்ளெமென்ட்டும் சொன்னான்: “குணமானதும் வீட்டுக்கு வாங்க அங்கிள்.” சும்மா சொன்னால் மரியாதையாக இருக்காதே என்று அட்ரஸும் சொன்னான். சர்ச் பக்கத்துச் சந்து, மூணாவது வீடு. பஸ் நம்பர், எந்த ஸ்டாப்பில் இறங்குவது, எல்லாம். ஜோசஃபின் தன் பங்குக்கு, “கண்டிப்பா வரணும்” என்றாள்.

நேற்று எக்ஸ்ரே வாங்கப் போன நண்பன் சீனு அங்கிருந்து ஃபோன் செய்தான். “மச்சி, உன் பக்கத்து பெட் அங்கிள் போயிட்டாருடா. நீ வந்த அன்னிக்கு ராத்திரியே.” ஜோசஃபின் அழுவாளே என்று க்ளெமென்ட் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

டிங்க்சர் வாடை. நனைந்த கம்பளி வாடை. நாற்காலியின் பிரம்புப் பின்னல், யாரோ உட்கார்ந்தது போல நடுவில் குழிந்திருந்தது.

எழுந்து ஓடலாம். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகவே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் திட்டிப் பார்த்தான்.

“அங்கிள், ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டா நிஜமாவே வந்துடுறதா? பெங்களூர்ல யாராவது அப்படி வருவாங்களா?”

மூச்சு நின்றது. பிறகு, ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து வருவது போல:

“கூப்ட்டியேப்பா.”

முதுகெல்லாம் சில்லிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. “மரியாதைக்குச் சொன்னேன்.”

“பஸ் நம்பர் சொன்னியே.”

க்ளெமென்ட்டின் அடுத்த மூச்சு இன்னும் சிறியதாக வந்தது. விட்டதும் நாற்காலி அதை ஆசையாக இழுத்துக்கொண்டது.

“என்னுது எனக்கே பத்தல அங்கிள்.”

“சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா.”

பஸ் சீட்டில் கொஞ்சம் இடம் கேட்பது போல அத்தனை சாதாரணமாகக் கேட்டார். அதுதான் க்ளெமென்ட்டுக்குக் கோபத்தைக் கிளப்பியது. இந்த ஊரில் எல்லாவற்றிலும் அட்ஜஸ்ட் செய்தாயிற்று. இதில் முடியாது.

“தர மாட்டேன்.”

விலா வலிக்க வலிக்க இழுத்தான். வாயை மூடினான். விடவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. விசில் வெறும் காற்றை இழுத்துப் பார்த்தது. ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மெலிந்தது. க்ளெமென்ட்டின் காதுக்குள் ரத்தம் இடித்தது. இருபது. இருபத்தைந்து. பிரம்புக் குழி மெல்ல, மெல்ல மேலெழும்பியது.

போ. போய்த் தொலை.

கதவு திறந்தது. குடையை உதறியபடி ஜோசஃபின்.

“டேய், இன்னிக்கு ஆபீஸ்ல சீக்கிரம் விட்டு…” நாற்காலியைப் பார்த்து நின்றாள். முகம் மலர்ந்தது. “ஐயோ அங்கிள்! எப்ப வந்தீங்க?”

க்ளெமென்ட் தலையை ஆட்டினான். வேண்டாம். வாயைத் திறந்தால் போய்விடும்.

“சொன்ன மாதிரியே வந்துட்டீங்க பாருங்க. நல்லா இருட்டுல உக்கார வெச்சிருக்கான், தண்ணிகூட குடுக்காம.” உள்ளே ஓடி டம்ளரோடு வந்து நாற்காலிப் பக்கம் நீட்டினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

டம்ளர் விழவில்லை. அந்தரத்தில் சாய்ந்தது. தண்ணீர் குறைந்தது.

“இந்த மழையில எங்க போவீங்க அங்கிள்? இங்கயே இருங்க. எத்தன நாள் வேணாலும்.”

குழி மறுபடி ஆழமாக இறங்கியது.

க்ளெமென்ட் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பினாள். அவன் உதடுகள் நீலம்.

“ஏன்டா மூச்சப் புடிச்சிக்கினு இருக்க? சளி அடைச்சிருக்கா?” கட்டிலில் உட்கார்ந்து அவனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நர்ஸ் கற்றுக்கொடுத்தது போலவே உள்ளங்கையைக் குழித்து அவன் முதுகில் தட்டத் தொடங்கினாள். அன்பாக. பலமாக.

“விடு. விடுடா கண்ணு. வெளிய விடு.”

தட்டு. தட்டு.

அக்காவின் தோளுக்குப் பின்னால் நாற்காலி தரையை உரசிக்கொண்டு ஓரடி நகர்ந்து வந்தது. இன்னும் ஓரடி. அவன் முகத்துக்கு நேரே ஏதோ ஈரமாக, பொறுமையாக, வாயைத் திறந்தது.

க்ளெமென்ட் பல்லைக் கடித்துக்கொண்டு அதை முறைத்தான்.

தட்டு.