எலுமிச்சம்பழம் போட்ட பாட்டில்

காலை பத்தரை மணிக்கு அண்ணன் அடுக்களைத் தரையில் சுருண்டு கிடந்தார். டம்ளர் அலமாரிக்கு அடியில் உருண்டு போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு அப்புறம்தான் ருசி பார்க்கிற மனிதர் அவர்.

"ஜூஸ்தான் குடுத்தேன்! இதுலேருந்துதான் குடுத்தேன்!" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டி அலறினாள் மனைவி. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்தான். ஆம்புலன்ஸ் வந்ததும் அவளும் எதிர்வீட்டுக்காரரும் அண்ணனோடு ஏறிக்கொண்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தம்பி மட்டும் பின்தங்கினான்.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த அம்மாவுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி மூக்கில் இருந்ததைவிடத் தலைமேல் இருந்த நேரம்தான் அதிகம். அதனால் ஸ்டேஷனில் அவர் 'கண்ணாடி மேடம்'.

சமையல் மேடைமேல் பாட்டில் நின்றது. வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில், உள்ளே மஞ்சள் திரவம், எலுமிச்சை வாசனை. லேபிள் இல்லை.

டாக்டரின் குரல் இன்ஸ்பெக்டரின் போன் ஸ்பீக்கரில் கேட்டது. தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். "ஏதோ அமிலம், மேடம். எதுன்னு தெரிஞ்சா அதுக்குண்டான மருந்தைப் போடலாம். லேப்ல சொல்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். கூடவே எதிர்வீட்டுக்காரரும் வந்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"எலுமிச்சம்பழ ஜூஸுங்க. மேடைமேல இருந்துச்சு. இவருதான் வாங்கிட்டு வந்திருப்பாருன்னு தண்ணி கலந்து குடுத்தேன். பாட்டில் பூரா எலுமிச்சம்பழமும் இலையுமா படம் போட்டிருந்துச்சு."

"எங்கே படம்?"

அவள் குனிந்து வெறும் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இருந்துச்சு மேடம், சத்தியமா இருந்துச்சு. குடுத்தது நான்தான், என்னை என்ன வேணா பண்ணுங்க. இப்ப என்னை அவர்கிட்ட விடுங்க."

எதிர்வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நேத்து ரெண்டு பேருக்கும் செம சண்டை. தெருவுக்கே கேட்டுச்சு."

"பாட்டிலைப் பார்த்தீங்களா?"

"மஞ்சளும் பச்சையுமா கையில ஒண்ணு வெச்சிருந்தாங்க. நான் விழுந்து கிடந்தவரைப் பார்ப்பேனா, பாட்டிலைப் பார்ப்பேனா?"

இன்ஸ்பெக்டர் தம்பியிடம் திரும்பினார். "நீங்க?"

"மாடியில வேலையா இருந்தேன். கம்பெனிகளுக்கு டிசைன் பண்ணித் தர்றேன்." கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே பேசினான். "அண்ணி பாவம், பயத்துல உளர்றாங்க." சொல்லும்போது அண்ணியை அவன் பார்க்கவில்லை.

"கேஸ் தெளிவா இருக்கு மேடம். அந்தம்மாவை ஜீப்ல ஏத்திடலாமா?" என்றார் கான்ஸ்டபிள்.

"இருய்யா."

இன்ஸ்பெக்டர் பாட்டிலின் வயிற்றை விரலால் தடவினார். பிசுபிசுத்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடைக்குள் விரலை விட்டார். ஒரு துணுக்குக் காகிதம் வந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அரை இலை, பச்சை நிறம்.

"பாட்டில் வெள்ளை, உள்ளே இருக்கிறது மஞ்சள். எதிர்வீட்டுக்காரர் பார்த்த பச்சை எங்கே போச்சு? ஆக, இந்தம்மா கத்துறப்போ லேபிள் இருந்திருக்கு. அதுக்கப்புறம் ஆம்புலன்ஸ்ல ஏறுற வரைக்கும் இவர் கூடவே இருந்தாரு. வீட்ல தனியா நின்னது நீங்க ஒருத்தர்தான், தம்பி."

"நான் எதுக்குங்க..."

"விஷம் வெச்சவன் பாட்டிலுக்குப் பயப்படுவான். அதைக் கழுவி வெச்சிருப்பான், இல்ல உள்ளே இருக்கறதை மாத்தியிருப்பான். லேபிளை மட்டும் உரிச்சவன் லேபிளுக்குத்தான் பயந்திருக்கான். அந்தக் கட்டைவிரலைக் காட்டுங்க."

நகத்துக்கடியில் தங்க நிறம் மினுக்கியது. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"துரு எடுக்கிற திரவம், மேடம். லேபிள் நான் டிசைன் பண்ணினது. போட்டோ எடுக்கலாம்னு மேடையில வெச்சேன், எடுத்து வைக்க மறந்துட்டேன்."

"குடிக்கக் கூடாதுன்னு போடலையா?"

"போட்டேன். இலைக்கொடிக்கு நடுவுல, தங்க எழுத்துல. கம்பெனிக்காரங்க கறுப்புல பெருசா போடத்தான் சொன்னாங்க. அழகே போயிடும்னு நான்தான் சண்டை போட்டு மாத்தினேன். ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பெருசாக்கித்தான் பார்த்தேன். அதுல பளிச்சுனு தெரிஞ்சுது. பாட்டில் அளவுக்கு ஒரு தடவைகூடப் பார்க்கலை."

"அமிலத்தோட பேரு?"

"அதுவும் அதுலதான் இருந்துச்சு."

"டாக்டர் அதைத்தானேய்யா கேட்டாரு? நீ பக்கத்துலதானே நின்னே?"

ஸ்பீக்கரில் கேட்டபோதே தம்பிக்குப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. நாக்குதான் எழவில்லை. அந்தக் குற்றத்தை எந்த லேபிளின் தலையிலும் கட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

"எழுது. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பணும்."

கான்ஸ்டபிள் காகிதத்தை நீட்டினார். அவன் அந்தப் பக்கம் முழுவதும் நிறையும்படி கறுப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதினான்.

அரை மணி நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "மருந்து கேட்குது, மேடம். பிழைச்சுக்குவார். ஆனா தொண்டை நல்லா வெந்து போச்சு. பழைய குரல் வருமான்னு தெரியலை. இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா..."

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவனைத் திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் மேடையில் கிடந்த காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இது நல்லாத் தெரியுது, தம்பி" என்றாள்.