பின்னியவளின் மனம்

ஜெசிந்தா பின்னிய மூன்றாவது பிரம்பு நாற்காலியும் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் நவநீதன். கைவினைப் பொருள்களை நகரத்து வீடுகளுக்கு விற்கும் நிறுவனத்தின் ஆள்.

"உட்கார்ந்தா கோபம் வருதாம்க்கா. ரெண்டு நாளா அவங்க வீட்ல ஒரே சண்டையாம்."

கட்டில், மேசை எல்லாவற்றையும் வீட்டிலேயே அச்சு இயந்திரம் வார்த்துக் கொடுத்த காலம் அது. கைப்பொருளுக்கு மறுபடி மதிப்பு வந்ததற்கு மனவாசிப்பான்தான் காரணம். இருக்கைக்கு அடியில் ஒட்டிய மெல்லிய தகடு. பின்னல் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று அளந்து, பின்னும்போது கை உணர்ந்ததை உட்காருபவருக்குள் மெல்ல இறக்கிவிடும். அச்சு நாற்காலியில் அப்படி இறக்குவதற்கு ஒன்றுமில்லை. நகரத்தார் அமைதியைத்தான் தேடி வாங்கினார்கள்.

நவநீதன் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். "இதைப் போட்டுக்கிட்டுப் பின்னுங்க. மனசு அடங்கிடும்."

"எங்க தெருவுல குடிதண்ணி வந்து எட்டு மாசமாச்சு. மாத்திரையை முழுங்கக்கூடத் தண்ணியில்ல தம்பி. எடுத்துட்டுப் போங்க." ஜெசிந்தா அட்டையைத் தொடவில்லை. "அடுத்த நாற்காலி யாருக்கு?"

"குடிநீர்ப் பொறியாளர் வீட்டுக்கு."

அதை அவள் ஒன்பது நாளில் பின்னினாள். லாரித் தண்ணீருக்கு முட்டி மோதிவிட்டு வந்து, வியர்வையைத் துடைக்காமலே உட்கார்ந்து பின்னினாள். பொறியாளர் அதில் இரண்டு மாலைகள்தான் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஜெசிந்தாவின் தெருவில் குழாய் பதிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அதன்பின் அவள் பின்னியதெல்லாம் அமைதியாக இருந்தது. ஆனால் நவநீதன் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"பொறியாளர் வீட்டுக்கு வந்தவங்கள்லாம் அந்தக் கோப நாற்காலிதான் வேணும்ங்கறாங்க. அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அதனால அது ருசியா இருக்காம்."

"தண்ணிதான் வருதே. கோபத்துக்கு நான் எங்க போவேன்?"

அடுத்த வாரமே குழாய் வறண்டது. தலையைக் குனிந்துகொண்டு நவநீதனே சொன்னார்: "உங்களுக்கு மறுபடி கோபம் வரணும்னு எங்க முதலாளி சொல்லி மூடியிருக்காங்க. நான் தடுத்துப் பாத்தேன்க்கா."

ஜெசிந்தா ஒரு பிரம்பை எடுத்து வளைத்துப் பார்த்தாள். பிறகு, "அவருக்கு நான் ஒண்ணு பின்னித் தரேன்" என்றாள்.

"கோபத்தை அனுப்பினா சந்தோஷப்படுவாரு."

"கோபம் இல்ல."

காலிக் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தொடங்கினாள். விரலில் கோபம் ஏறிய இடத்தையெல்லாம் அவிழ்த்து மறுபடி பின்னினாள். எதிர்வீட்டு பிலோமினா தன் ஒரே குடத்தில் பாதியை ஊற்றிக் கொடுத்தபோது, 'போதும், போதும்' என்று தான் நெஞ்சு நிறைந்து சொன்ன அந்த ஒரு நொடியை மட்டும் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் வெடித்தன. விடவில்லை. முடிக்க இருபத்தாறு நாளானது.

முதலாளி அதில் சாய்ந்தார். நாற்பது நகரங்களில் கிளை திறக்கும் கோப்பு மடியில் இருந்தது. மூடி வைத்தார். மறுநாள் அலுவலகம் போகவில்லை. தேடிவந்த பங்குதாரர்களையும் ஒவ்வொருவராக அதில் உட்காரவைத்தார். தெருக்குழாயில் மறுபடி தண்ணீர் வந்தது. மாதக் கடைசிக்குள் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள்.

தானே நேரடியாக விற்கலாம் என்று ஜெசிந்தா அதே மாதிரி இன்னும் நான்கு பின்னிவைத்தாள். வந்து உட்கார்ந்து பார்த்த எல்லோரும் முகம் மலர்ந்து எழுந்தார்கள், அவளுக்கு நன்றி சொன்னார்கள், வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். உட்கார்ந்து எழுந்தபின் எதையும் வாங்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.