திங்கள், புதன், வெள்ளி

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் முன்சீட்டுக்காரன் ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினான். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து ஜோதிமேரியின் முந்தானையில் அப்பியது.

"யோவ்! அறிவிருக்கா?"

அவன் திரும்பினான். "காத்தையா நான் புடிச்சு வைக்க முடியும்?" சொல்லும்போதே இருமல்... விடாத இருமல். இருமி இருமிக் கலங்கிய பெரிய கண்கள்... சே, இந்த நேரத்தில் கண்ணையா பார்ப்பாள்! தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"எத்தன நாளா இருமல்?"

"அது எதுக்கு ஒனக்கு?"

"ஆஸ்பத்திரியில டி.பி. மாத்திரை குடுக்குறவ நான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனா சளிய டெஸ்ட் பண்ணணும். நாளைக்கு வரல... வீடு தேடி வருவேன்!"

வந்தான். பெயர் இன்னாசி, விசைப்படகில் வேலை. சளியில் கிருமி இருந்தது. வாரந்தோறும் திங்கள், புதன், வெள்ளி அவள் கண்முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். மொத்தம் ஆறு மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஒரு மாதம் தவறாமல் வந்தான். சிறுநீர் சிவப்பாய்ப் போகுதென்று அவன் பதறியதும், "மாத்திரையோட சாயம்தான்யா" என்று அவள் சிரித்ததும், அந்த மூன்று நாளும் அவள் பூ வைத்துக்கொண்டு வந்ததும்... ஊருக்குத் தெரியாது.

தடைக்காலம் முடிந்தது. திங்கள் வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன் காலை அவன் படகு கரைக்கு வந்தபோது ஜோதிமேரி எதிரே நின்றாள்.

"இருமல் நின்னா கிருமி செத்துருச்சா? டி.பி. மாத்திரைய பாதியில விட்டா அடுத்த தடவ மருந்தே கேக்காதுய்யா! சாகப் போறியா?"

படகின் டிரைவர் தனுஷ்கோடி தண்ணீர்க் கேனைத் தன் பக்கம் இழுத்தார். "டி.பி.யா? ஏலே, இந்தத் தண்ணியத்தான நாங்களும் குடிச்சோம்? இனி இந்தப் போட்ல ஏறாத."

இன்னாசியின் முகம் கறுத்தது. "சந்தோசமா? போட்டு திங்க, புதன், சனிதான் கடலுக்குப் போகும். ஒன் மாத்திரையும் திங்க, புதன். ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டியா? இனி சோத்துக்கு எங்கன போவேன்?"

கேட்கவில்லைதான். நோயாளியின் நோயை ஊரறியச் சொல்லவும் கூடாது. அவமானம் தாங்காமல், அதுவும் கோபமாகவே வெளியே வந்தது. படகில் ஏறிக் கேனைப் பிடுங்கினாள். இன்னாசி குடித்துவிட்டு வைத்திருந்த தம்ளரிலேயே ஊற்றி, எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்தாள்.

"பாத்துக்கோங்கண்ணே! டி.பி. தண்ணியில வராது, தம்ளர்ல வராது. இருமுறப்ப காத்துல வரும். ஒழுங்கா மாத்திரை போட்டா அதுவும் நின்னுரும். நாளைக்கே இவருக்கு டெஸ்ட் எடுக்குறேன். ஒங்கள்ல எவன் இருமுனாலும் வாங்க! ஆனா இவர எறக்கிவிட்டா, டாக்டரோட வந்து இங்கனயே நிப்பேன்!"

தனுஷ்கோடி தம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி தாயி... டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னா வரட்டும்."

மற்றவர்கள் மீனை இறக்கப் போனதும், "டாக்டர்ட்ட பேசி செவ்வா, வியாழன், ஞாயிறுன்னு மாத்துறேன்" என்றாள்.

"ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரி பூட்டிக் கெடக்குமே?"

"வீட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

"எல்லார் வீட்டுக்கும் இப்படித்தான் போவியா?"

"எல்லார் மேலயும் எனக்கு இவ்வளவு கோவம் வராது..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. "எனக்கும்தான்... ஆறு மாசம் முடியட்டும். எங்கய்யாவப் பொண்ணு கேக்க அனுப்புறேன்."

"ஒரு வேள மாத்திரைய விட்டாலும் ஒங்கய்யாவ வாசல்லயே நிறுத்திருவேன்!" என்றாள் ஜோதிமேரி.