பேனரில் பதினெட்டாவது முகம்

“என் படத்தையும் போடுங்க.”

ஜாஸ்லின் வாயிலிருந்து வந்தே விட்டது. அதைக் கேட்கவே கூடாது என்று அண்ணன் சூசைநாதன் காலையிலும் சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

முதலியார்பேட்டை பேனர் கடை. கம்ப்யூட்டர் திரையில் சிரிப்பு நடிகர் கண்ணையன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ரசிகர் மன்றத்து ஆண்கள் பதினேழு பேர், கூலிங் கிளாஸோடு.

டிசைன் செய்பவன் திரும்பினான். நனைந்த தார்ச்சாலை போலக் கறுத்துப் பளபளக்கும் கண்கள்... பார்க்காதே ஜாஸ்லின், நீ கோபமாக வந்திருக்கிறாய்.

“லேடீஸ் படம் போடறதில்லீங்களே. செயலாளர் திட்டுவாரு.”

“செயலாளர் எங்க அண்ணன்தான். இதுல யாராவது கண்ணையனுக்காக அழுதாங்களா, சொல்லுங்க?”

“எல்லாரும் கண்ணாடி போட்டிருக்காங்க... தெரியலீங்க.”

வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, பேனருக்கான வரி எழுதிய தாளை நீட்டினாள். அவன் மெல்ல வாசித்தான்.

‘அப்பா போனபின் ஏழு மாதம் சிரிக்காத அம்மாவைச் சிரிக்க வைத்தவரே... இனி அவளிடம் நான் என்ன சொல்வேன்?’

டைப் செய்யப் போன அவன் விரல்கள் நின்றுபோயின.

“நாலு வருஷமா இந்த மன்றத்து வரியெல்லாம் நான்தான் டைப் பண்றேன். சிலது வீட்டுக்குப் போயும் மனசுல ஓடும். எழுதினது... நீங்களா?”

“நான்தான். கீழ பேரு மட்டும் அண்ணனோடது.”

வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. பெயர் போடும் இடம் மட்டும் அண்ணனுடையது.

“எம்பேரு மரிய அருண். நீங்க கேக்கல... சொல்லணும்னு தோணுச்சு.”

வெளியே மழை வலுத்தது. அவள் போனிலிருந்த படத்தை வாங்கி, பதினெட்டாவதாக வைத்தான்.

அப்போதுதான் சூசைநாதன் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

“இன்னாடி இது? அத எடுறா! நடுரோட்ல இவ மூஞ்சி தொங்குனா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?”

அருண் எழுந்தான். “நான் வந்து கேப்பேண்ணே. அவங்க சரின்னா.”

ஜாஸ்லினுக்குச் சுரீரென்றது. “ஒருத்தன் கட்டிக்கிறேன்னாதான் என் மூஞ்சி வெளிய வரணுமா?”

“இல்லீங்க.” அவன் முகம் வாடியது. “அது வேற, இது வேற. நீங்க என்னைத் திரும்பிப் பாக்கலன்னாலும் படம் இருக்கும். அண்ணே, எழுதினவங்க இல்லாம அந்த வரிய நான் அடிக்க மாட்டேன்.”

“வேற கடையில அடிச்சுக்கறேன் போடா!”

அருண் சொன்னது, நாலு வருஷத்தில் யாரும் அவளுக்காகச் சொல்லாத வார்த்தை. தாளை எடுத்து மடித்துக்கொண்டாள்.

“எனக்கு உங்களப் புடிச்சிருக்கு, அருண். கல்யாணம் பத்தி யோசிச்சுத்தான் சொல்வேன். இப்ப உப்பளம் ஏரியாவுல அவருக்கு இரங்கல் கூட்டம் இருக்கு. இத நானே படிக்கப் போறேன்.”

“ஏய்! உனக்கு எவன்டி மைக் குடுப்பான்?”

ஜாஸ்லின் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, மழையில் இறங்கி உப்பளம் பக்கம் நடந்தாள்.