திறந்துவைத்த ஜன்னல்

கேப் பிரெட்டன் தீவில் காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மதியப் பணிக்கு வந்த நர்ஸ் மோராக், முதியோர் இல்லத்து வாசலில் பூட்ஸை உதறிவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். நடைவழியில் வழக்கம்போல மருந்துநெடியும் வெந்த முட்டைக்கோஸ் வாசனையும்.

டக், டக்.

ஹெக்டர்தான். அழைப்பு மணியைத் தொடவே மாட்டார். கட்டில் கம்பியை இடக்கை விரலால் இரண்டு தட்டு. ஆயுள் முழுக்கக் கடலில் சிங்கி இறால் பிடித்த மனிதருக்கு மணியடித்து ஆள் கூப்பிடக் கூச்சம்.

"இந்தா வந்துட்டேன்," என்று உள்ளே போனாள்.

"லாக்லன் ஏரோப்ளேன் ஏறிட்டானாம். அவன் வர்றதுக்குள்ள நான் கெளம்பிடணும் பொண்ணு. என் புள்ள சின்ன வயசுலேர்ந்தே எதையும் கைய விட்டு விடமாட்டான்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"என் நெஞ்சு நின்னுட்டா யாரும் தொடக்கூடாது. டாக்டர் முன்னாடி கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் வாக்குக் குடுத்திருக்க."

"மறப்பேனா?"

அவள் தேநீர் எடுத்துவருவதற்குள் போய்விட்டார். மோராக் கொஞ்சம் அழுதாள். பிறகு அந்த இல்லத்து நர்ஸுகள் எல்லோரும் செய்வதைச் செய்தாள்: உயிர் வெளியே போக ஜன்னலைக் கையகலம் திறந்து வைத்தாள். காற்று வெளியிலிருந்து உள்நோக்கித்தான் வீசியது. திரைச்சீலை மட்டும் வெளிப்பக்கம் உப்பி, மெல்ல அடங்கியது.

அந்த நேரம் பார்த்து லாக்லன் வந்து நின்றான், கோட்டெல்லாம் பனி.

"ஏன் சும்மா நிக்கிறீங்க சிஸ்டர்? நெஞ்ச அமுக்குங்க."

"வேண்டாம்னு அவரே எழுதிக் குடுத்திருக்காருங்க."

"நான் அவர் மகன் சொல்றேன். கோர்ட்டுல பாத்துக்கலாமா?"

மேலதிகாரியைத் தொலைபேசியில் கேட்டாள். "வம்பு வேண்டாம். செஞ்சுடு மோராக்."

செய்தாள். உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்பு முறிவது கேட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அமுக்கினாள்.

மூச்சு வந்தது.

கண் திறந்தது. அந்தக் கண்ணுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"ஜன்னல மூடு," என்றது வாய்.

லாக்லன் ஓடிப்போய்க் கொக்கி போட்டான்.

உடம்பு தேறியது. ஒரு வாய்க் கஞ்சிக்கே முகம் சுளித்த வாய், தட்டை வழித்துத் தின்றது. அடுத்த வாரமே காகிதம் கேட்டது. பழைய விருப்பம் ரத்து. எது வந்தாலும் காப்பாற்ற வேண்டும், ஒருபோதும் போக விடக் கூடாது. வலக்கையால் கையெழுத்துப் போட்டது.

"அவருக்கு இடக்கைதானே பழக்கம்?" மோராக் மெதுவாகக் கேட்டாள்.

"உசிரு பொழச்சதே பெரிசு. நீங்க கையப் பாக்குறீங்க," என்று லாக்லன் சிரித்தான்.

இனி இந்தக் கையெழுத்துக்குத்தான் அவள் கட்டுப்பட வேண்டும்.

டக், டக்.

கட்டில் கம்பியில் அல்ல.

கண்ணாடியில்.

மோராக்கின் கை தானாகக் கொக்கிக்குப் போனது. கட்டிலிலிருந்து நீண்ட வலக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது.

"அப்பாவுக்கு எவ்ளோ தெம்பு வந்துடுச்சு பாத்தீங்களா," என்றான் லாக்லன், கண் கலங்க.

"திறக்காத," என்று கட்டில் கிசுகிசுத்தது. "வெளிய இருக்கறவன் போகட்டும்."

வெளியே நிற்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. ஆனாலும் கண்ணாடியின் அந்தப் பக்கம் மூச்சுப்பட்டதுபோல் வட்டமாக ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.

டக், டக்.

"இந்தா வந்துட்டேன்" என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.